மிக மோசமான டிராஃப்ட் தேர்வு எது? என் கட்சி

அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளைத் தொடர்ந்து பார்க்கும் ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், டிராஃப்ட் நெருங்கும் நாட்களில் ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். இதுவரை நடந்த தேர்வுகளிலேயே மிக மோசமானது எது என்பதுதான் அது. ஒருவர் சாம் போவி என்பார். இன்னொருவர் ரையன் லீஃப் என்பார். வயதில் இளையவர்கள் ஜமார்கஸ் ரஸ்ஸல், டார்கோ மிலிச்சிச், அந்தோனி பென்னெட் என்று அடுக்குவார்கள். ஹாக்கி பார்ப்பவர் யாராவது இருந்தால் அலெக்ஸாந்தர் டெய்க் பெயரையும் சேர்த்துக்கொள்வார். பல ஆண்டுகளாக இந்த வாதத்தில் முழு ஈடுபாட்டோடு கலந்துகொண்டு வருபவன் என்ற முறையில் எனக்கும் ஒரு தீர்மானமான கட்சி உண்டு. வழக்கமாக முதலிடத்தில் நிறுத்தப்படும் பெயர்களில் பெரும்பாலானவை அந்த இடத்துக்கு உரியவை அல்ல. உண்மையில் உரிய தேர்வைப் பற்றி ரசிகர்கள் போதிய அளவு பேசுவதுமில்லை.

டிராஃப்ட் முறையை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கல்லூரியிலிருந்தோ, பள்ளியிலிருந்தோ, வெளிநாட்டு லீக்கிலிருந்தோ வரும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து, பல சுற்றுகளாக, ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு வரிசையின் முன்பக்கத்தில் இடம் கிடைக்கும்; அந்த இடத்தை வேறொரு அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக வீரர்களையோ பிந்தைய தேர்வுகளையோ பெற்றுக்கொள்ளவும் செய்யலாம். எந்த அணிக்குப் போவது என்பதில் வீரரின் விருப்பத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் தன் முதல் டிராஃப்டை 1936-இல் நடத்தியது. அதில் முதலாவதாக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. வீணாகப் போன முதல் தேர்வுகளின் வரலாறு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இந்த வாதம் ஆண்டுதோறும் முடிவுக்கு வராமல் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம், வாதிடுபவர்கள் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான். எடுக்கப்பட்டவர் எவ்வளவு மோசமாக ஆடினார் என்று ஒருவர் பார்க்கிறார்; எடுக்காமல் விடப்பட்டவர் எவ்வளவு உயர்ந்தார் என்று அடுத்தவர் பார்க்கிறார்; எவ்வளவு பணம் போயிற்று என்று மூன்றாமவர் கணக்குப் போடுகிறார். நான் பார்ப்பது தேர்வு நடந்த நாளை மட்டும். அன்று அந்த அணியின் கையில் என்னென்ன தகவல்கள் இருந்தன, வேறு என்னென்ன வழிகள் திறந்திருந்தன, அவற்றை விட்டுவிட்டு இதை எடுக்க என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு முழங்கால் முறிந்தது, பயிற்சியாளர் மாறினார், அடுத்த அணிக்காரர் ஆறு கோப்பை வென்றார் என்பவை வேறு கதை. முடிவு எடுத்தவரை, அவர் அறிந்திருக்க முடியாத ஒன்றுக்காகத் தூற்றுவது நியாயமில்லை.

இந்த அளவுகோலோடு சாம் போவியிடம் போவோம். கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 1984 டிராஃப்டில் முதல் இடத்துக்கு ஹூஸ்டன் ராக்கெட்ஸ், போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் இரண்டுக்கும் இடையே நாணயம் சுண்டப்பட்டது. வென்ற ஹூஸ்டன் ஹகீம் ஒலாஜுவானை எடுத்தது. தோற்ற போர்ட்லண்ட் இரண்டாவதாக, கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் ஏழடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள, கூடைக்கு அருகில் நின்று ஆடும் சென்டரான போவியை எடுத்தது. மூன்றாவதாக சிகாகோ புல்ஸ் எடுத்தவர் மைக்கேல் ஜோர்டன். இந்த மூன்று வரிகளைச் சொன்னவுடனேயே தீர்ப்பும் எழுதி முடிந்துவிட்டதாக ரசிகர்கள் நினைக்கிறார்கள்.

ஆனால் அந்த நாளில் போர்ட்லண்டின் இடத்தில் நின்று பாருங்கள். உயரமான சென்டர் இல்லாமல் கோப்பை வெல்ல முடியாது என்பது அக்காலத்துப் பொதுவான நம்பிக்கை. போர்ட்லண்டே 1977-இல் பில் வால்ட்டன் என்ற சென்டரை வைத்துத்தான் தன் ஒரே கோப்பையை வென்றிருந்தது. 1983-இல் பிலடெல்பியா வென்றது மோசஸ் மலோனை வைத்து. ஜோர்டன் ஆடும் இடத்தில் போர்ட்லண்டுக்கு ஏற்கெனவே ஜிம் பாக்ஸன் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தார்கள். டிரெக்ஸ்லர் பிற்காலத்தில் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற ஆட்டக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஜோர்டனை எடுத்த சிகாகோவின் பொது மேலாளர் ராட் தார்ன்கூட, அவர் ஏழடி உயரம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் சென்டர் யாரும் மிச்சமில்லை என்ற பொருளில்தான் அன்று பத்திரிகைகளிடம் பேசினார். கையில் வைரத்தை வைத்துக்கொண்டு சிகாகோவே அப்படிப் பேசியது என்றால், போர்ட்லண்டை மட்டும் குருடர்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

போர்ட்லண்ட் மீது உண்மையாகவே சுமத்தக்கூடிய குற்றம் ஒன்று உண்டு. அது ஜோர்டனைப் பற்றியது அல்ல, போவியின் காலைப் பற்றியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசலால் அவர் கல்லூரியில் இரண்டு முழுப் பருவங்களை இழந்திருந்தார். அதனால்தான் போர்ட்லண்டின் மருத்துவர்கள் அவரை மணிக்கணக்கில் சோதித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2012-இல், அந்தச் சோதனையைப் பற்றி போவியே தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் பேசினார். காலில் சிறு சுத்தியலால் தட்டி வலிக்கிறதா என்று கேட்டபோது, இல்லை என்று சொன்னதாகவும், உள்ளுக்குள் வலி இருந்ததாகவும் அவர் சொன்னார். வாழ்நாள் முழுவதும் உழைத்து வந்து சேர்ந்த வாசலில் நிற்கும் ஓர் இளைஞர் அப்படிச் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். குடும்பத்தின் எதிர்காலமே அந்த ஒரு பதிலில் தொங்கும்போது வேறு யாராக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். வீரரின் வாய்ச்சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டது அணியின் பிழை. அந்தப் பிழை உண்மையானது. ஆனால் வரலாற்றிலேயே மோசமானது என்று சொல்லும் அளவுக்கு அது பெரியதல்ல.

போவி முதல் ஆண்டில் 76 ஆட்டங்கள் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 10 புள்ளிகளும் எட்டுக்கு மேற்பட்ட ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கால்கள் அவரைக் கைவிட்டன. போர்ட்லண்டுக்காக அவர் மொத்தம் ஆடியது 139 ஆட்டங்கள். இதே காலத்தில், 1985-86 பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில் ஜோர்டனுக்கும் பாதத்தில் எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தில் 64 ஆட்டங்களில் அவர் இல்லை. அவர் எலும்பு சரியாகக் கூடியது, திரும்பி வந்து பாஸ்டனுக்கு எதிரான பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) ஆட்டத்தில் 63 புள்ளிகள் எடுத்தார். ஒருவருடைய எலும்பு கூடியதையும் மற்றவருடையது கூடாததையும் ஒரு பொது மேலாளரின் அறிவுக்கூர்மைக்கு அளவாக வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உடல் ஓரளவு தேறிய பின் போவி நியூஜெர்சியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் 1995 வரை ஆடினார். 500-க்கு மேற்பட்ட என்பிஏ ஆட்டங்கள் ஆடிய ஒருவரைக் கேலிப்பொருளாக நிறுத்துவது அநியாயம்.

இதில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. 1989-இல் போவியையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் நியூஜெர்சிக்குக் கொடுத்துத்தான் போர்ட்லண்ட் பக் வில்லியம்ஸைப் பெற்றது. அவர் வந்தபின் அந்த அணி 1990-இலும் 1992-இலும் இறுதிச் சுற்றை எட்டியது. 1992 இறுதிச் சுற்றில் எதிரே நின்றது ஜோர்டனின் சிகாகோ. முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் ஜோர்டன் ஆறு மூன்று புள்ளி எறிதல்களைக் கூடையில் போட்டு 35 புள்ளிகள் எடுத்தார். ஆறாவது விழுந்ததும் மைதான ஓரத்தைப் பார்த்துத் தோள்களைக் குலுக்கினார், தனக்கே புரியவில்லை என்பதுபோல. அந்தக் காட்சியைப் பார்த்த போர்ட்லண்ட் ரசிகரின் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. வயிற்றெரிச்சல் வேறு, தீர்ப்பு வேறு.

போர்ட்லண்டின் கதையைச் சொல்லும்போது சென்டர்கள் விஷயத்தில் அந்த ஊருக்கு வாய்த்த தொடர் சோதனையையும் சொல்லியாக வேண்டும். 1972-இல் பாப் மெக்கடூ இருக்க லரூ மார்ட்டினை முதலாவதாக எடுத்தார்கள். அவர் நாலே பருவங்களில் ஓய்ந்துவிட்டார். வால்ட்டன் கோப்பை வாங்கிக் கொடுத்தார், ஆனால் பாதக் காயங்கள் அவரையும் விட்டுவைக்கவில்லை. 2007-இல் கெவின் டுராண்ட் இருக்க கிரெக் ஓடனை எடுத்தார்கள். ஓடன் தன் வாழ்நாளில் ஆடிய என்பிஏ ஆட்டங்கள் மொத்தம் 105. இவற்றுள் நான் கண்டிப்பேன் என்றால் மார்ட்டினை எடுத்ததை மட்டும்தான் கண்டிப்பேன். ஓடனைப் பொறுத்தவரை, அந்த ஆண்டு முதலிடத்தில் வேறு எந்த அணி இருந்திருந்தாலும் பெரும்பாலும் அவரைத்தான் எடுத்திருக்கும்.

ரையன் லீஃபைப் பற்றிப் பேசும்போது என் மனம் இவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாய்வதில்லை. 1998 என்எஃப்எல் டிராஃப்டில் முதல் இடத்துக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளான இருவரில் பெய்டன் மானிங்கா, லீஃபா என்பது அப்போது உண்மையிலேயே திறந்திருந்த கேள்வி. லீஃப் வாஷிங்டன் ஸ்டேட் அணியை 67 ஆண்டுகளுக்குப் பிறகு ரோஸ் பவுல் என்ற பெருமைமிக்க கல்லூரி ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றவர். எறியும் கை வலுவில் மானிங்கைவிட மேல் என்று சொன்னவர்கள் பலர். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் மானிங்கை எடுத்தது. சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியோ, மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஒரே ஒரு படி ஏறுவதற்காக அரிசோனாவுக்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு, அவற்றோடு இரண்டு வீரர்களையும் கொடுத்தது. எந்தக் குவார்ட்டர்பேக் கிடைத்தாலும் சரி, இருவரில் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்ற தவிப்பின் விலை அது. அந்த விலையைத்தான் நான் குறை சொல்வேன். ஆளைப் பற்றிய மதிப்பீட்டைப் பொறுத்தவரை, அன்று ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைத்திருந்தார்கள்.

லீஃப் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றார். மூன்றாவது ஆட்டம் கான்சஸ் சிட்டியில், கொட்டும் மழையில் நடந்தது. அதில் அவர் எறிந்த 15 பாஸ்களில் ஒன்றே ஒன்று தன் அணியினரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் கிடைத்த முன்னேற்றம் 4 கஜம். மறுநாள் உடைமாற்றும் அறையில் ஒரு செய்தியாளரைப் பார்த்து அவர் கத்திய காட்சி தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஓடியது. அந்த ஒரு வாரத்திலிருந்து அவர் மீண்டு வரவே இல்லை. என்எஃப்எல்லில் அவர் கணக்கு 14 டச்டவுன் பாஸ்களும் (புள்ளி தேடித்தந்த எறிதல்கள்) 36 இன்டர்செப்ஷன்களுமாக (எதிரணி பிடித்த எறிதல்கள்) முடிந்தது. அதே 1998-இல் மானிங் எறிந்து எதிரணி பிடித்த பாஸ்கள் 28. ஒரு புதுமுகக் குவார்ட்டர்பேக்கின் பெயரில் அதைவிட அதிகமான எண்ணிக்கை இன்றுவரை பதிவாகவில்லை. கோல்ட்ஸ் அந்த ஆண்டு 3 வெற்றிகளும் 13 தோல்விகளுமாகத் தவித்தது. ஆனாலும் அவரை ஒவ்வொரு ஆட்டத்திலும் இறக்கிப் பொறுமையாக வளர்த்தார்கள். அவரும் ஒவ்வொரு பிழையையும் படித்து மறு ஆண்டே வேறு ஆளாக வந்தார். இருவருக்கும் இடையே இருந்த அந்த வேறுபாடு, தோல்வியைத் தாங்கும் திடம், கல்லூரி ஆட்டப் பதிவுகளில் தெரியாத ஒன்று. அதைக் கண்டுபிடிக்கும் கருவி எந்த அணியிடமும் இன்றைக்கும் இல்லை. லீஃபை எடுத்த பொது மேலாளர் பாபி பெத்தர்ட் 2018-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அவர் ஆள் பார்க்கத் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. லீஃப் பின்னாளில் போதை மாத்திரைப் பழக்கத்தால் சிறை சென்று, மீண்டு வந்து, அதே பழக்கத்தில் சிக்கியவர்களுக்காக இப்போது பேசிவருகிறார். அவரை வைத்துச் சிரிக்கும் பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

காயத்தால் வீழ்ந்தவர்களை இந்தப் பட்டியல்களிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சின்சினாட்டி பெங்கால்ஸ் 1995-இல் முதலாவதாக எடுத்த கி-ஜானா கார்ட்டர், பருவம் தொடங்கும் முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில், மூன்றாவது முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். நியூயார்க் மெட்ஸ் 1966 பேஸ்பால் டிராஃப்டில், ரெஜி ஜாக்ஸனை விட்டுவிட்டு முதலாவதாக எடுத்த ஸ்டீவ் சில்காட், தோள்பட்டைக் காயத்துக்குப் பின் பேஸ்பாலின் உச்சமட்டமான மேஜர் லீக்கை எட்டவே இல்லை. 1986-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் எடுத்த லென் பயஸ், டிராஃப்ட் முடிந்த இரண்டாம் நாள் கொக்கெய்ன் உட்கொண்டதால் இறந்துபோனார். அந்த இளைஞரின் சாவை "மோசமான தேர்வு" என்று வரிசைப்படுத்துபவர்கள் தாங்கள் என்ன எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

டார்கோ மிலிச்சிச் விஷயம் சற்று வேறு. 2003-இல் லெப்ரான் ஜேம்ஸுக்கு அடுத்ததாக டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவரை எடுத்தது. அடுத்தடுத்துப் போனவர்கள் கார்மெலோ அந்தோனி, கிறிஸ் பாஷ், டுவெயன் வேட். இங்கே முடிவு தவறு என்று நான் ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் கல்லூரியில் வெளிச்சத்தில் ஆடிக் காட்டியவர்கள். மிலிச்சிச்சோ செர்பியாவிலிருந்து வந்த 18 வயதுப் பையன், அவரைப் பற்றிய நம்பிக்கையில் பெரும்பகுதி தனிப் பயிற்சிகளில் பார்த்ததை வைத்து எழுந்தது. உடனடியாகக் கோப்பைக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த அணியில் அவருக்கு முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இருப்பினும் டெட்ராய்ட் அடுத்த ஆண்டே கோப்பையை வென்றது. வேட் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வென்றிருக்கலாம் என்பார்கள். 2006-இல் அவருடைய மயாமியிடம் டெட்ராய்ட் தோற்றது உண்மைதான். ஆனால் அந்தத் தேர்வு கைக்கு வந்ததே, பல ஆண்டுகளுக்கு முன் ஓடிஸ் தார்ப்பைக் கொடுத்ததற்கு ஈடாகத்தான். அடிப்படையில் வலுவாக இருந்த அணி ஓர் ஓசி வாய்ப்பைத் தவறவிட்டது. அது அணியைச் சிதைத்துவிடவில்லை.

குவாமி பிரவுனைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2001-இல் பள்ளியிலிருந்து நேராக வந்த அவரை முதலாவதாக எடுத்த வாஷிங்டன் அணியின் நிர்வாகத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் மைக்கேல் ஜோர்டன். ஜோர்டனைத் தவறவிட்டதற்காக மற்றவர்களை 40 ஆண்டுகளாக ஏசுபவர்கள், ஆடத் தெரிந்தவருக்கே ஆளை எடைபோடுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பணத்தை அளவாக வைத்தால் ஜமார்கஸ் ரஸ்ஸல் முன்னால் வந்துவிடுவார். 2007-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. ஒப்பந்தப் பேச்சு இழுபறியானதில் பயிற்சி முகாம் முழுவதும் போய், பருவம் தொடங்கிய பிறகுதான் கையெழுத்தானது. உறுதியளிக்கப்பட்ட தொகை மட்டும் 3 கோடி டாலருக்கு மேல். மூன்று பருவங்களில் தொடக்கத்திலிருந்து ஆடிய 25 ஆட்டங்களில் ஏழை வென்று கொடுத்தார், 2010-இல் விடுவிக்கப்பட்டார். அவருக்கு அடுத்த இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தவர், பின்னாளில் நட்சத்திரமான கால்வின் ஜான்சன். இதுபோன்ற ஒப்பந்தங்கள் பெருகியதன் விளைவாக, 2011-இல் அணிகளும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டில் புதுமுகங்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு முதலாவதாகப் போன கேம் நியூட்டனின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு 2.2 கோடி டாலர். ஹாக்கியில் இதே வேலையை 1993-இல் ஒட்டாவா செனட்டர்ஸ் டெய்குக்குக் கொடுத்த ஒப்பந்தம் ஏற்கெனவே செய்திருந்தது. ஆனால் அதிகப் பணம் போனது அன்றைய சந்தையின் குற்றம். ரஸ்ஸலுக்குப் பதில் ஜான்சனை எடுத்திருந்தாலும் முதலிடத்துக்கு அதே அளவு தொகையைத்தான் கொடுக்க நேர்ந்திருக்கும்.

இனி என் வேட்பாளருக்கு வருகிறேன். 1999 என்எஃப்எல் டிராஃப்டில் மூன்றாவது இடத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ், ஆரகன் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் அகிலி ஸ்மித்தை எடுத்ததுதான், நான் அறிந்தவரை, தொழில்முறை டிராஃப்ட் வரலாற்றின் மிக மோசமான முடிவு. டிம் கவுச், டோனவன் மெக்னாப் என்ற இரண்டு குவார்ட்டர்பேக்குகள் முதல் இரண்டு இடங்களில் போய்விட்டார்கள். அப்போது நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பயிற்சியாளர் மைக் டிட்கா, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸ் ஒருவருக்காகத் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் கொடுக்கத் தயாராக இருந்தார். அதை அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. சின்சினாட்டியின் மூன்றாம் இடத்துக்கு அவர்கள் ஒன்பது தேர்வுகளைக் கொடுக்க முன்வந்தார்கள். பல ஆண்டுகளாகத் தோல்வியிலேயே உழன்றுகொண்டிருந்த, எந்த இடத்திலும் ஆள் பற்றாத ஓர் அணிக்கு, ஒன்பது தேர்வுகள்! பெங்கால்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

யாருக்காக மறுத்தார்கள் என்று பாருங்கள். ஸ்மித் கல்லூரியின் மேல்மட்ட ஆட்டத்தில் முழு நேரக் குவார்ட்டர்பேக்காக ஆடியது ஒரே ஒரு பருவம். அந்தப் பருவம் அருமையானது, 32 டச்டவுன் பாஸ்கள் எறிந்தார்; அதற்கு முன் அவர் பேஸ்பாலில் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களை வைத்து ஒரு குவார்ட்டர்பேக்கைக் கணிப்பது எவ்வளவு அபாயம் என்பது 1999-இலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது பின்னால் நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லும் அறிவு இல்லை. அவர் ஆட்டப் பதிவு குறைவு என்பதும், மேசைமேல் இருந்த விலை மிகப் பெரியது என்பதும், அந்த அணிக்கு ஒருவரைவிடப் பலர் தேவை என்பதும், மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருந்தன. போதாக்குறைக்கு, மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் கைவிரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டுமே வைத்து வீரர்களை மதிப்பிட்டுவந்த அணி அது. ஆள் பார்க்கும் பலம் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் நிறைய வாய்ப்புகள் அதிகம் பயன்படும். பத்து முறை முயன்றால் மூன்று பேராவது தேறுவார்கள்.

செயின்ட்ஸ் வெறுங்கையோடு திரும்பிவிடவில்லை. ஐந்தாம் இடத்தில் இருந்த வாஷிங்டனிடம் போய், அந்த ஆண்டில் தங்களிடமிருந்த எல்லாத் தேர்வுகளையும், அடுத்த ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து வில்லியம்ஸை எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டன் அந்தப் புதையலை வைத்து என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையின் உயிர். கிடைத்தவற்றுள் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்து ஏழாம் இடத்துக்கு ஏறி, சாம்ப் பெய்லியை எடுத்தது. அவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். செயின்ட்ஸ் 1999-இல் 3 வெற்றி, 13 தோல்வி என்று சரிந்ததால், அவர்களுடைய 2000-ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வு மொத்த வரிசையில் இரண்டாம் இடமாக வந்து விழுந்தது. அதில் லவார் ஆரிங்டன் வந்தார். பெங்கால்ஸ் தலையை ஆட்டியிருந்தால் அந்த இரண்டாம் இடம் அவர்களுக்கு வந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வோம். இங்கே வாய்க்கருகே கொண்டுவந்து கொடுத்ததைக் கையால் தட்டிவிட்டார்கள்.

ஸ்மித்துக்கு நேர்ந்ததையும் அனுதாபத்தோடுதான் சொல்ல வேண்டும். ஒப்பந்த இழுபறியில் முதல் பயிற்சி முகாமின் பெரும்பகுதி போயிற்று. அனுபவமே தேவைப்பட்ட ஒருவருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. சுற்றிலும் பலவீனமான அணி. அவர் தொடக்கத்திலிருந்து ஆடிய 17 ஆட்டங்களில் 3 வெற்றி, 14 தோல்வி. 5 டச்டவுன்கள், 13 இன்டர்செப்ஷன்கள். 2002 பருவத்தோடு அவர் கதை சின்சினாட்டியில் முடிந்தது, 2003-இல் பெங்கால்ஸ் மறுபடி முதலிடத்தில் நின்று கார்ஸன் பால்மரை எடுத்தது, 2005-இல்தான் பிளேஆஃப் வாசலை மிதித்தது. அதற்கு முன் கடைசியாக மிதித்தது 1990 பருவத்தில். ஸ்மித்தின் எண்கள் லீஃபின் எண்களைவிடப் பிரபலமாகாததற்குக் காரணம், அவருக்கு எதிரே மானிங்கைப்போல ஒருவரை நிறுத்த முடியாததுதான் என்று நினைக்கிறேன். விடுபட்ட ஒரு முகத்தை ரசிகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். விடுபட்ட ஒன்பது தேர்வுகளுக்கு முகம் கிடையாது.

என் கட்சிக்கு எதிராக வைக்கப்படும் வலுவான பெயர் டிரே லான்ஸ். 2021-இல் சான் பிரான்சிஸ்கோ, 12-ஆம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறுவதற்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் மயாமிக்குக் கொடுத்து அவரை எடுத்தது. லான்ஸும் ஸ்மித்தைப்போலக் கல்லூரியில் ஒரே ஒரு முழுப் பருவம் ஆடியவர். பெருந்தொற்றால் 2020-இல் அவருக்குக் கிடைத்தது ஓர் ஆட்டம். சான் பிரான்சிஸ்கோவுக்காகத் தொடக்கத்திலிருந்து அவர் ஆடியது நான்கு ஆட்டங்கள். 2023-இல் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்குப் போய்விட்டார். அப்படியிருந்தும் அவர் பெயர் பட்டியல்களில் மேலே ஏறுவதில்லை, ஏனென்றால் 2022 டிராஃப்டின் கடைசி இடமான 262-இல் அதே அணி எடுத்த பிராக் பர்டி குவார்ட்டர்பேக்காக நிலைத்து, அணியை என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோய்விட்டார். பர்டி வந்ததால் லான்ஸுக்குக் கொடுத்த விலை சரியாகிவிட்டது என்று வாதிடுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. பர்டி கிடைத்தது தற்செயல். மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தது தெரிந்தே செய்தது. ஆகவே என் வரிசையில் லான்ஸைத் தேர்ந்தெடுத்த முடிவுக்கு இரண்டாம் இடம். சான் பிரான்சிஸ்கோ செலவழித்தது தன் கையிருப்பை, சின்சினாட்டியோ கொடுக்க வந்ததையே வேண்டாமென்றது என்று இரண்டையும் வேறுபடுத்தி, வரிசையைத் திருப்பிப் போடுபவர்களும் உண்டு. ஆனால் சான் பிரான்சிஸ்கோ அன்றும் நல்ல அணி, ஒரு பிழையைத் தாங்கும் வலு அதற்கு இருந்தது. 1998-இல் 3 வெற்றி, 13 தோல்வி என்று முடித்திருந்த சின்சினாட்டிக்கு அந்த வலு இல்லை. அது அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.